ஃபார்மேட் செய்யவா என்று கேட்கிறது

மேலேரிப்பாக்கம்
9.11.2025

நெம்மேலியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் திரு. கலையரசன் அவர்களுக்கு,

உங்கள் தங்கை பூங்கொடி எழுதுவது. ஆடிக் கூழ் அன்று அம்மன் சன்னிதியில் கற்பூரம் அணைத்து, இனி அண்ணனோடு பேச மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அது அப்படியே இருக்கிறது. போனும் பேச்சுதான், வாட்ஸ்அப்பும் பேச்சுதான். எழுத மாட்டேன் என்று மட்டும் சொல்லவில்லை. அந்த மட்டும் பிழைத்தேன்.

ஐப்பசி மழையில் இடி இறங்கி எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் போய்விட்டது. செங்கல்பட்டில் ரோஹித் என்பவர் கடையில் கொடுத்தோம். உள்ளே இருந்த டிஸ்க் கருகிவிட்டது என்று புதியது போட்டுக் கொடுத்தார். அதில் பழையது எதுவும் இல்லை. போனால் போகிறது, நீங்கள் வாங்கிக் கொடுத்த கறுப்பு ஹார்டு டிஸ்க்கில்தான் எல்லாவற்றையும் நகலெடுத்து வைத்திருக்கிறோமே என்று தைரியமாக இருந்தேன். நேற்று அதைச் செருகினேன். விளக்கு எரிந்தது, அணைந்தது. பிறகு திரையில் ஒரு பெட்டி வந்து, இதைப் பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யவா என்று கேட்கிறது. ரோஹித்துக்குப் போன் போட்டேன். "ஓகே குடுத்துடுங்கக்கா, சரியாப்பூடும்" என்கிறார். எனக்கு விரல் வரவில்லை.

அதில் அனு செய்த கார்ட்டூன் படம் இருக்கிறது. லீவு விட்டால் சோறு தண்ணி இல்லாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, இரண்டு வருடமாகச் செய்தது. டிசம்பர் முடிவதற்குள் அதைச் சென்னைக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் அவளை நேர்முகத்துக்கே கூப்பிட மாட்டார்கள். என் மகள் காஞ்சிபுரம் ஹாஸ்டலில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு இது தெரியாது, தெரியவும் கூடாது.

படம் வரைந்தால் சோறு கிடைக்காது என்று ஊர் கூடிய இடத்தில் சொன்னவரிடமே அந்தப் படத்தைக் காப்பாற்றித் தரச் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கிறது. என் தலையெழுத்து. வீட்டுக்கு வர வேண்டாம். வழியை மட்டும் எழுதிக் கொடுங்கள்.

உங்கள் மச்சான், அதான் என் வீட்டுக்காரர், ஈ.சி.ஆர். ரிசார்ட்டுகளுக்குக் காய்கறி லோடு எடுத்துக்கொண்டு உங்கள் கடையைத் தாண்டித்தானே போகிறார், அவரிடம் கொடுத்தால் வந்துவிடும். கடிதத்தைக் கொண்டுவருவார், சேதி சொல்ல மாட்டார். "அவ இன்னா சொன்னா, நீ இன்னா சொன்னேன்னு என் வாயில வராது" என்று முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது அவருக்குப் போன தடவையே புரிந்துவிட்டது.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

பூங்கொடி


நெம்மேலி
11.11.2025

பூங்கொடிக்கு,

முதலில் இதைப் படி. ஓகே கொடுக்காதே. அந்தப் பெட்டி எத்தனை தடவை வந்து கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லி மூடு. ஃபார்மேட் என்றால் சிலேட்டைத் துடைப்பது. துடைத்த பிறகும் சில சமயம் மீட்கலாம். ஆனால் அந்தச் சில சமயத்தை நம்பி என் கடைக்கு வந்து அழுதுவிட்டுப் போனவர்கள் உண்டு. நீ அழுத்தாமல் இருந்ததற்கு உனக்குக் கோடிப் புண்ணியம்.

எனக்குத் திரு. போட்டிருக்கிறாய். என் கல்யாணப் பத்திரிகையில்கூட இவ்வளவு மரியாதை இல்லை.

டிஸ்க்கை வண்டியில் கொடுத்து அனுப்பலாமே என்று நினைப்பாய். இப்போது வேண்டாம். அதன் வயிற்றில் ஒரு தட்டு சுற்றுகிறது, தட்டுக்கு மேலே மயிரிழை விட்டு ஒரு முள் ஓடுகிறது. அந்த முள்ளில் கோளாறு இருந்தால், திருக்கழுக்குன்றம் ரோட்டுப் பள்ளத்தில் மச்சானின் குட்டியானை வண்டி ஒரு குதி குதித்தாலே எல்லாம் முடிந்தது. அதனால் முதலில் எனக்குச் சில விஷயம் தெரிய வேண்டும். செருகியதும் காதை வைத்துக் கேள். ரீங்காரம் மட்டும் வருகிறதா, இல்லை பல்லி கத்துகிற மாதிரி டிக் டிக் என்று சத்தமா? டிக் டிக் என்றால் உடனே பிடுங்கிவிடு, மறுபடி செருகாதே. ரீங்காரம் என்றால் பயமில்லை. கம்ப்யூட்டரின் முன்பக்கத் துளையை விட்டுவிட்டு, பின்பக்கத் துளையில் போட்டுப் பார். அங்கே கரண்டு திடமாக இருக்கும். அக்கம் பக்கத்தில் அதே மாதிரி ஒயர் கிடைத்தால் மாற்றிப் பார். கடைசியாக அது ஒழுங்காக வேலை செய்தது எப்போது என்றும் எழுது.

கூழ் அன்று நான் சொன்னதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் தாள் போதாது. முதலில் டிஸ்க்கைப் பார்ப்போம்.

கலையரசன்


மேலேரிப்பாக்கம்
14.11.2025

ஐயா,

பல்லி கத்தவில்லை. ரீங்காரம் மட்டும்தான். காதை வைத்துக் கேட்டபோது எனக்கே சிரிப்பு வந்தது, அதனால் கோபம் குறைந்தது என்று எண்ண வேண்டாம்.

பின்பக்கத் துளையிலும் அதே கதைதான். பிரின்டர் ஒயர் இதற்குப் பொருந்தவில்லை, இதன் வாய் அகலமாக இருக்கிறது. தபால் ஆபீஸ் ஜாக்குலின் வீட்டில் இதே மாதிரி ஒயர் இருந்தது. வாங்கி வந்து போட்டால் திடீரென்று டிஸ்க் வந்துவிட்டது. ஃபோல்டர் எல்லாம் வரிசையாக நின்றது. "அனு படம்" என்று அவள் பெயர் வைத்த ஃபோல்டரை என் கண்ணால் பார்த்தேன். அடுப்பில் இருந்த பாலை இறக்கிவிட்டுத் திரும்பி வருவதற்குள் காணாமல் போய், மறுபடியும் அதே பெட்டி, ஃபார்மேட் செய்யவா என்று கேட்கிறது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். நான் இறக்கப் போவதற்குள் பாலும் பொங்கி வழிந்திருந்தது.

அவள் படிப்பு முழுக்க இந்தத் தீப்பெட்டி சைஸ் சாமானுக்குள் கிடக்கிறது என்று நினைத்தால் எனக்கு ராத்திரி தூக்கம் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலில் இருந்து போன் பண்ணினாள். "மா, என் படத்த ஒருக்கா போட்டுப் பாரேன்" என்றாள். கரண்டு இல்லை என்று பொய் சொன்னேன்.

கடைசியாக வேலை செய்தது செப்டம்பரில். அனுதான் நகலெடுத்து வைத்துவிட்டுப் போனாள். அப்புறம் யாரும் தொடவில்லை.

தாள் போதாது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஒரு வரி போதும். "படம் வரஞ்சிகினு கீறவனுங்க எல்லாம் என் கடைக்கு வேலை கேட்டு வந்து நிக்கிறானுங்க" என்று என் மாமியார் வீட்டு ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும் சொன்னீர்கள். என் மகள் கையில் கூழ்க் கரண்டியோடு நின்றாள். அவளுக்கு ஆதரவாக ஒரு வார்த்தை வர வேண்டிய வாய் அது. தாய்மாமன் வாய்.

பூங்கொடி


நெம்மேலி
17.11.2025

பூங்கொடிக்கு,

ஃபோல்டரைக் கண்ணால் பார்த்தாய் அல்லவா? இனி நிம்மதியாகத் தூங்கு. தட்டும் நன்றாக இருக்கிறது, முள்ளும் நன்றாக இருக்கிறது, அனுவின் படமும் உள்ளே பத்திரமாக இருக்கிறது. வந்து வந்து போகிறது என்றால் தொடுப்பில்தான் கோளாறு. ஒயரை அசைத்தால் வருகிறது, விட்டால் போகிறது, அவ்வளவுதான். அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருந்தால் கம்ப்யூட்டருக்கு டிஸ்க்கைப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரியாவிட்டால் துடைக்கவா என்று கேட்கும். கம்ப்யூட்டர் புத்தி அப்படி.

புது ஒயர் ஒன்று மச்சானிடம் கொடுத்திருக்கிறேன். கடற்கரைக் காற்றில் ஒயரெல்லாம் பச்சை பூத்துவிடும் என்பதால் என் கடையில் எதையும் பிரித்து வைப்பதில்லை. உறை பிரிக்காதது. அழுத்திச் செருகு.

நீ ஒரு வரி எழுதினாய், நானும் எழுதுகிறேன். மல்டிமீடியா படித்துவிட்டு வருகிறவர்களுக்கு நான் மவுஸ் விற்கிற வேலை கொடுக்கிறேன். கொடுக்கிற எனக்கே கூச்சமாக இருக்கிறது. என் அக்கா மகள், தங்கை மகள் யாரும் அப்படி வந்து நிற்கக் கூடாது என்ற பயத்தில் சொன்னேன். சொன்ன இடம் தப்பு. ஆனால் நீ என்ன செய்தாய்? விறுவிறுவென்று சன்னிதிக்குப் போய்க் கற்பூரத்தை அணைத்தாய். நான் கூழ்ச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்கவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் நின்றேன். பூசாரிதான் வாங்கி வைத்தார். அண்ணி அன்றைக்கு வண்டியில் வரும்போது திருக்கழுக்குன்றம் வரை முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தாள்.

கலையரசன்


மேலேரிப்பாக்கம்
20.11.2025

ஐயா,

ஒயர் சரியில்லை. தவறான ஒயரை அனுப்பியிருக்கிறீர்கள். வாயில் நுழைகிறது, ஆனால் கடைசியில் ஒரு நெல் அளவு வெளியிலேயே நிற்கிறது. அழுத்தச் சொன்னீர்களே என்று அழுத்தினேன். உள்ளே ஏதோ நறுக்கென்றது. பயந்துபோய் எடுத்துவிட்டேன். கடைக்காரருக்கே எந்த ஒயர் எதற்கு என்று தெரியாவிட்டால் நாங்கள் எங்கே போவது? விழுப்புரத்தில் இருந்தெல்லாம் ஆள் வருகிற கடை என்று பெருமை வேறு.

சொம்பைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நானும் ஒன்று சொல்கிறேன். வருஷா வருஷம் ஆயுதபூஜைக்கு வந்து வண்டிக்குப் பூசணிக்காய் உடைப்பது நீங்கள்தான். இந்த வருஷம் வரவில்லை. வரச் சொல்லும் நிலையில் நான் இல்லை, அதுவும் உண்மைதான். அவருக்கு அன்றைக்கும் லோடு. நானே தனியாக வண்டியைக் கழுவி, பூசணிக்காய் உடைத்து, வண்டி, மிக்சி, தையல் மிஷின், கம்ப்யூட்டர் என்று ஒன்று விடாமல் சந்தனம் குங்குமம் வைத்தேன். உங்கள் டிஸ்க்கையும் எடுத்துக் கம்ப்யூட்டர் பக்கத்தில் சாய்த்து வைத்துப் பொட்டு வைத்தேன். கோபம் உங்கள் மேல்தானே, அது என்ன பாவம் செய்தது? ஊதுபத்தி காட்டும்போது அழுகையாக வந்தது. யாரிடம் சொல்ல?

வேறு ஒயர் அனுப்பவும்.

பூங்கொடி


நெம்மேலி
21.11.2025

பூவு,

டிஸ்க்குக்குப் பொட்டு எந்த இடத்தில் வைத்தாய்? இதற்கு மட்டும் உடனே பதில் எழுது. மச்சானை வண்டியோடு எதிரில் உட்கார வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கத்திரிக்காய் வாடுகிறது என்று கத்திக்கொண்டிருக்கிறார்.

அண்ணன்


மேலேரிப்பாக்கம்
21.11.2025

எந்த இடம் என்றால்? அதற்கு முகம் எது என்று யாருக்குத் தெரியும்? எந்தப் பக்கம் திருப்பினாலும் வழவழவென்று ஒரே கறுப்பு. ஒயர் செருகும் வாய் ஒரு பக்கம்தான் இருக்கிறது. வாய் இருக்கிற பக்கம்தானே முகம்? அந்தப் பக்கத்தை மேலே பார்க்க நிறுத்தி, வாய்க்கு மேலே சந்தனம் குழைத்து வைத்தேன். பன்னீர் விட்டுக் குழைத்தது, கொஞ்சம் தண்ணீராக இருந்தது.

ஐயோ.

பூங்கொடி


நெம்மேலி
22.11.2025

பூவு,

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து டீக்கடை பெஞ்சமின் எட்டிப் பார்த்தார். ஐயோ எல்லாம் வேண்டாம். இத்தனை வருஷத்தில் என் கடைக்கு உப்பு அரித்த டிஸ்க் வந்திருக்கிறது, எறும்பு கூடு கட்டிய டிஸ்க் வந்திருக்கிறது. வாயில் சந்தனக் காப்பிட்ட டிஸ்க் இதுதான் முதல். நறுக்கென்றது ஒடிந்த சத்தம் இல்லை, காய்ந்த சந்தனம் நொறுங்கியது. சரியான ஒயரைத் தவறான ஒயர் என்று எழுதியதை நான் மறக்க மாட்டேன்.

இப்போது கவனமாகக் கேள். ஒயரையெல்லாம் கழற்றிவிடு. ஊசி, சேப்டி பின், துடைப்பக் குச்சி எதையும் வாய்க்குள் விடாதே, உள்ளே இருக்கும் தகடு நசுங்கிவிடும். ஊதாதே, எச்சில் தெறிக்கும். தண்ணீர் வேண்டவே வேண்டாம். அனுவின் பெட்டியில் மெல்லிய பிரஷ் இருக்கும், அதில் காய்ந்த சுத்தமான ஒன்றை எடு. டிஸ்க்கின் வாயைத் தரையைப் பார்க்கக் கவிழ்த்துப் பிடித்து, பிரஷால் மெதுவாகத் தட்டித் தட்டி விடு. தூள் தானாக உதிரும். மச்சானிடம் சின்ன பாட்டிலில் ஸ்பிரிட் கொடுத்திருக்கிறேன். பிரஷ் நுனியை அதில் தொட்டு, பாட்டில் வாயில் தட்டிவிட்டு, மறுபடி துடை. பிறகு நன்றாகக் காய விடு. அவசரப்படாதே, உன் கதை எனக்குத் தெரியும்.

விளக்கு நிலையாக எரிந்ததும் படத்தைப் போட்டுப் பார்க்க உட்கார்ந்துவிடாதே. முதல் வேலையாக ஃபோல்டர் முழுவதையும் புதிய கம்ப்யூட்டருக்கு நகலெடு. இன்னொரு டிஸ்க்கும் அனுப்பியிருக்கிறேன், அதற்கும் ஒரு நகல் எடுத்து எனக்கு அனுப்பு. ஒரே வீட்டில் எத்தனை நகல் இருந்தாலும் ஒரு இடி போதும். ஒன்று உன் வீட்டில் இருக்கட்டும், ஒன்று இங்கே கடலோரத்தில் இருக்கட்டும். இந்த டிஸ்க்குக்கும் முகம் உண்டு, அது எங்கே என்று பேனாவால் குறித்திருக்கிறேன்.

அண்ணன்


மேலேரிப்பாக்கம்
24.11.2025

அண்ணா,

வந்துவிட்டது.

உதிர்ந்த தூள் பேப்பர் மேல் மஞ்சளாக விழுந்தது, அதில் பன்னீர் வாசனை இன்னும் இருந்தது. ஒயர் கடைசி வரை போய் உட்கார்ந்தது. விளக்கு எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது. நான் டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டேன், அவர் மவுஸைப் பிடித்தார். நகல் ஓடி முடியும் வரை இரண்டு பேரும் அந்தப் பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். லோடுக்கு நேரமாகிவிட்டது என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. முடிந்ததும், "உங்க அண்ணாத்தைக்கு ஒரு போன் போடேன்" என்றார். சேதி சொல்ல மாட்டேன் என்றவர். நான் டீ போடப் போனேன்.

பொட்டு வைத்தது நான்தான் என்று அனுவிடம் சொல்லப் போகிறேன். எப்படியும் நீ சொல்லிச் சிரிக்கத்தான் போகிறாய்.

இதனுடன் உனக்கான டிஸ்க்கை அனுப்பியிருக்கிறேன். துண்டில் சுற்றி, என் பழைய டிபன் பாக்ஸில் வைத்து, மடியில் வைத்து ஓட்டச் சொல்லியிருக்கிறேன். எல்லாம் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பத்திரமாக வை. சோதிக்க மட்டும்தான். பிடிக்காவிட்டால் எனக்கு எழுத வேண்டாம்.

பூங்கொடி


நெம்மேலி
27.11.2025

பூவு,

எல்லாம் திறக்கிறது. சோதிக்க மட்டும் என்று எழுதியிருந்தாய். நான்கு தடவை சோதித்தேன்.

ஏரியில் கிடக்கிற எருமை ஒன்று கடலைப் பார்க்கக் கிளம்புகிறது. யாரிடமும் சொல்லாமல் ரோட்டோரமாக நடந்து, டோல்கேட்டில் வரிசையில் நின்று, பஸ்ஸுக்கு வழிவிட்டு வருகிறது. பின்னாலேயே ஒரு ஆள் ஓடுகிறார். அந்த ஓட்டம் நம்ம மச்சானின் ஓட்டமேதான், லுங்கியைப் பிடித்துக்கொள்வதுகூட. கடலுக்கு வந்து சேர்ந்ததும் எருமை ஒரு வாய் குடித்துத் துப்புகிறது பார், பெஞ்சமின் அந்த இடத்தில் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "இன்னாபா இது, நம்ம கடல இது ஒன்னுதான் சரியா டேஸ்ட் பாத்துகீது" என்றார். அப்புறம் கடையில் இருந்தவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். என்னிடம் மவுஸ் விற்கிறானே, ஜெபகுமார், அவன் முதல் தடவை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தான். இரண்டாம் தடவை, தண்ணீரில் எருமையின் நிழல் அசைவதை நிறுத்திக் காட்டி, "இத மூணு வருசம் படிச்சும் எனக்கு வரலண்ணா. யாரு இது?" என்று கேட்டான். என் தங்கை மகள் என்றேன். அதைச் சொல்ல எனக்கு என்ன அருகதை என்று அப்போதே உறைத்தது.

கடைசியில் இருட்டுகிறது. எருமை கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறது. எங்கிருந்தோ ஒரு பொம்பளைக் குரல், "இருட்டிகினு வருது. போதும், வூட்டுக்கு வா" என்று கூப்பிடுகிறது. எருமை தலையைத் திருப்புகிறது. அதோடு படம் முடிந்துவிடுகிறது.

அனு உன்னைத்தான் பேச வைத்திருக்கிறாள் என்று நீ எழுதவே இல்லையே. ஆடியில் இருந்து உன் குரலை நான் கேட்கவில்லை. அது எருமைக்குச் சொன்னதுதான், எனக்குத் தெரியும். இருந்தாலும் கடையில் அத்தனை பேர் முன்னால் எனக்கு அழுகை வந்துவிட்டது. யாருபா இந்த அம்மா என்று பெஞ்சமின் கேட்டார், நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு படத்தை இன்னொரு தடவை போட்டேன்.

காலம் கடத்தாமல் படத்தை அனுப்பிவிடுங்கள்.

அண்ணன்


மேலேரிப்பாக்கம்
12.1.2026

அண்ணா,

உன் கடிதம் வந்து மார்கழியே முடியப் போகிறது. பதில் எழுதாதது கோபத்தால் இல்லை. எழுத உட்கார்ந்தால் அது கடிதமாக வரவில்லை, பேச்சாகத்தான் வந்தது. நாலைந்து தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

அனுவை நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பொங்கல் கழிந்து வருகிற வியாழக்கிழமை, சென்னையில். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டிஸ்க் கதை, சந்தனக் கதை, நீ கடையில் அழுத கதை. சந்தனத்துக்குச் சிரித்தாள். நீ அழுததைக் கேட்டதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, மாமா நிஜமாகவா அழுதார் என்று இரண்டு தடவை கேட்டாள். நேர்முகம் அன்றைக்கு உன் மச்சானுக்கு லோடு. மாமா கூட வந்தால் நன்றாக இருக்கும் என்று அவளேதான் சொன்னாள், நான் தூண்டவில்லை. வருகிறாயா? நானும் வருகிறேன்.

சத்தியம் என்ன ஆவது என்று பூசாரி முனிசாமியைப் போய்க் கேட்டேன். பரிகாரம், பொங்கல், கோழி என்று ஏதாவது பெரிதாகச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் பாட்டுக்கு விளக்குத் துடைத்துக்கொண்டே, "அம்மன் காவலு ஏரிக்கர வரைக்கும்தான். அதுக்கு அப்பால நீ இன்னா பேசுனா அவளுக்கு இன்னா?" என்றார். இந்த ஆறு மாதத்தில் ஏரிக்கரையைத் தாண்டி எத்தனை தடவை செங்கல்பட்டு சந்தைக்குப் போய் வந்திருக்கிறேன். ஒரு தடவை அங்கே நின்று உனக்குப் போன் போட்டிருக்கலாம். பேச முடியாமல் இல்லை, பேச மனம் வரவில்லை. இப்போது வந்துவிட்டது.

காலை வண்டிக்குச் செங்கல்பட்டு ஸ்டேஷனில், டிக்கெட் கவுண்டர் பக்கம் நில். என்னைப் பார்த்ததும் சிரிக்காதே, நீ பாட்டுக்கு என்னோடு பெட்டியில் ஏறி எதிரில் உட்கார். கூழ் அன்று நீ சொன்னதற்கு நான் அங்கேயே திருப்பிச் சொல்லியிருக்க வேண்டியது ஏகப்பட்டது இருக்கிறது. கோபத்தில் கற்பூரத்தை அணைத்துவிட்டதால் ஒன்றையும் சொல்ல முடியாமல் போயிற்று. ரயில் கிளம்பியதும் முதலில் அதை எல்லாம் சொல்லித் தீர்ப்பேன். தாம்பரம் வரை நீ வாயைத் திறக்கக் கூடாது. அதற்கப்புறம் உனக்குப் பிடித்த எலுமிச்சை சாதம் எடுத்து வருகிறேன், சாப்பிடலாம்.

பூவு